பாலாற்றங்கரையில் எத்தனை மரம்?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலை, தமிழ்நாடு முடிகிற இடத்தில் ஒரு பாலத்தைக் கடக்கிறது. கீழே இருப்பது பாலாறு. வேலூர்க்காரர்களும் வாணியம்பாடிக்காரர்களும் உரிமை கொண்டாடும் பாலாறு அல்ல, இது வேறு. மலைக்காடுகளின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வந்து, மேட்டூர் அணைத் தேக்கத்தின் தலைமாட்டில் காவிரியோடு கலந்துவிடும் சிற்றாறு. கோடையில் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் மணலும் பாறையும்தான். அக்கரை கர்நாடகம். அந்தக் கொள்ளேகால் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்துக்குப் போய், 1997-இல் சாமராஜநகர் மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்சி எல்லை இத்தனை முறை மாறினாலும் இரு கரையிலும் காடு ஒன்றுதான்: ஆச்சா, உசில், முள்மூங்கில், அடியில் எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி.

பாலாறு என்ற பெயர் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது 1993 ஏப்ரலில். வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இங்கே செத்தார்கள். அந்தக் கதையைச் சொல்ல வேறு புத்தகங்கள் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அந்தக் கும்பல் தேடி அலைந்த மரம் மட்டும்தான்: சந்தனம்.

காட்டில் மரங்களை எப்படி எண்ணுவது? வனத்துறைக்கு இதில் குழப்பமே கிடையாது. தரையிலிருந்து மார்பு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், தண்டைச் சுற்றி டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்வார்கள். ஒரு தண்டு, ஒரு மரம். கட்டைக்கு விலை போடுகிறவருக்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் தாவரவியல் படித்தவரைக் கூட்டிப்போய் அதே இடத்தில் நிறுத்தினால், எண்ணுவதற்கு முன்பு அவர் கடப்பாரை கேட்பார். இரண்டு தண்டுகள் மண்ணுக்குக் கீழே ஒன்றா வேறா என்று தோண்டிப் பார்க்காமல் அவருக்கு விடை கிடைக்காது. பல சமயம் தோண்டினாலும் கிடைக்காது.

முழங்கால் உயரச் சந்தனக் கன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். விதையிலிருந்து வந்ததென்றால் அதற்கு ஆணிவேர் இருக்கும். மண்ணை மெல்ல விலக்கினால் தண்டுக்கு நேர் கீழே ஒரு வேர் செங்குத்தாக இறங்குவது தெரியும். வேர்க்கன்றாக இருந்தால் கதை வேறு. விரல்கடை ஆழத்திலேயே கிடைமட்டமாக ஓடும் ஒரு வேர் தட்டுப்படும். கன்று அதன் முதுகிலிருந்து நிமிர்ந்து நிற்கும். கன்றின் தடிமனைவிட வேரின் தடிமன் அதிகம். பிள்ளைக்கு வயது இரண்டு, வேருக்கு முப்பது என்றால் வேறு எப்படி இருக்கும்? அந்த வேரைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு பெரிய சந்தன மரத்திடமோ, மரம் இருந்த குழியிடமோ போய்ச் சேரலாம்.

குழி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தேக்கையோ வேம்பையோ அறுப்பதுபோலச் சந்தனத்தைத் தரைமட்டத்தில் அறுப்பதில்லை. அதன் இலையிலோ பட்டையிலோ மணம் கிடையாது. மணமெல்லாம் உள்ளே இருக்கும் வைரத்தில், அதிலும் வேரோடு சேர்ந்த அடிப்பகுதியில்தான் எண்ணெய் அதிகம். ஆகவே அரசாங்கம் எடுத்தாலும் திருடன் எடுத்தாலும் சந்தனத்தை வேரோடு பெயர்த்துத்தான் எடுப்பார்கள். பெயர்க்கும்போது பக்கவேர்கள் அறுபட்டு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தாய்மரம் போனபின் அந்தத் துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. மழை விழுந்ததும் குழியைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கன்றுகள் தலைகாட்டும்.

வேருக்குத் தண்டாகும் வித்தை எங்கிருந்து வந்தது? மரத்தின் நுனித் தளிர்கள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வேர் நுனிகளில் சுரக்கும் சைட்டோகைனின் மேல்நோக்கிப் போகிறது. ஆக்சின் வந்துகொண்டிருக்கும்வரை வேர் வேராகவே இருக்கும். மரத்தை வெட்டினால் மேலிருந்து வரும் வரத்து நின்றுவிடுகிறது, சைட்டோகைனினின் கை ஓங்குகிறது, வேரின் உட்புறச் செல்கள் பிரிந்து மொட்டாகத் திரள்கின்றன. இவ்விரு ஹார்மோன்களின் விகிதத்தை மாற்றினால் ஒரே திசுவிலிருந்து வேரையும் வரவழைக்கலாம், தளிரையும் வரவழைக்கலாம் என்று புகையிலைத் திசுவை வைத்து 1957-இல் காட்டினார்கள் ஸ்கூக்கும் மில்லரும். இன்று திசு வளர்ப்பு ஆய்வகங்கள் பாட்டிலில் செய்வதெல்லாம் இந்த விகித விளையாட்டுதான். சந்தனத்தையும் அப்படி வளர்த்துவிட்டார்கள்: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் லட்சுமி சீதாவும் உடன் பணியாற்றியவர்களும் சந்தனத் தண்டுத் திசுவிலிருந்து கருக்களையும் கன்றுகளையும் உருவாக்கி 1979-இல் வெளியிட்டார்கள். அறுபட்ட வேர் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே காட்டில் கூலி வாங்காமல் இதைச் செய்துகொண்டிருக்கிறது.

நம் வீட்டுக் கொல்லைக்கும் இது புதிதல்ல. கறிவேப்பிலைக் கன்று கேட்டால் பக்கத்து வீட்டு அத்தை மரத்தடியில் முளைத்து நிற்பதை வேரோடு கிள்ளிக் கொடுப்பார். அதுவும் வேர்க்கன்றுதான். முருங்கைக்குப் போத்து, கரும்புக்குக் கரணை, மல்லிகைக்குப் பதியம், வெற்றிலைக்குக் கொடித்துண்டு என்று விதையைத் தொடாமலேயே விவசாயம் செய்யும் வழிகள் நம்மிடம் ஏராளம். பாடப்புத்தகங்களோ பாலிலா இனப்பெருக்கம் என்றதும் இலை விளிம்பில் குட்டி போடும் ரணகள்ளியின் படத்தைப் போட்டு, கூடவே உருளைக்கிழங்கையும் இஞ்சியையும் பட்டியலில் சேர்த்து நான்கு மதிப்பெண் கேள்வியாக முடித்துவிடுகின்றன. ஏதோ ஒரு சில செடிகளின் விசித்திரப் பழக்கம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. அது சரியல்ல. நீண்ட ஆயுள் கொண்ட தாவரங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வழியில் இதைச் செய்யக்கூடியவை என்றால் தாவரவியலாளர் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். சந்தனம் ஆண்டுக்கு இருமுறை பூக்கும். சின்னப் பூக்கள். விரியும்போது வைக்கோல் நிறம், நாள் போகப்போக மாந்துளிர் சிவப்பு. பழம் கருநாவல் நிறத்தில், பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது. அதைத் தின்னும் கொண்டைக்குருவிகளும் குயில்களும் கொட்டையைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும். அந்தக் கொட்டைக்குள் இருப்பது தாயும் அல்ல, தந்தையும் அல்ல. மகரந்தமும் சூலும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து, பாதி ஒரு மரத்திலிருந்தும் பாதி இன்னொரு மரத்திலிருந்தும் வந்து சேர்கின்றன. இதே கை இன்னொரு முறை விழாது. வேர்க்கன்றில் அந்தக் கலைப்பு கிடையாது. சாதாரணச் செல் பிரிவு மட்டும்தான். தாயின் குரோமோசோம்கள் எப்படியோ அப்படியே பிள்ளைக்கும்.

பிள்ளை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். தாயின் வேரிலிருந்து தண்ணீர் குடித்து, தாயின் மரபணுவையே கொண்டு நிற்பது பிள்ளையா, கிளையா? மேலே போனால் கிளை என்கிறோம். அதே மரம் மண்ணுக்குள் நான்கு அடி தள்ளிப் போய்த் தலையை நீட்டினால் தனி மரம் என்று நம்பரடிக்கிறோம்.

இது வெறும் தர்க்க விளையாட்டாக இருந்தால் விட்டுவிடலாம். சந்தனத்தின் விஷயத்தில் இதற்குப் பலன் உண்டு. பெரும்பாலும் அயல் மகரந்தத்தை நம்பியே காய்க்கும் மரம் இது. தன் மகரந்தம் தன் பூவிலேயே விழுந்தால் காய் பிடிப்பது குறைவு. ஒரு சரிவில் இருபது சந்தன மரம் நிற்கிறது, எல்லாம் பூத்துக் குலுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதும் முன்னொரு காலத்தில் வெட்டிய ஒரே மரத்தின் வேர்க்கன்றுகள் என்றால், அங்கே மகரந்தம் கொடுப்பதும் வாங்குவதும் ஒரே ஆள். தேனீ நாள் முழுக்க அலைந்தாலும் அயல் மகரந்தத்துக்கு வழியில்லை. பதிவேட்டில் இருபது மரம் இருக்கும், விதையைப் பொறுத்தவரை ஒரு மரம்கூட முழுதாக இருக்காது.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சந்தனத்தின் பங்காளி இனம் ஒன்று, சாண்டலம் லான்சியோலேட்டம், சிறுசிறு கூட்டங்களாக எஞ்சி நிற்கிறது. மரபணுவைச் சோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் தனித்தனி நகல் கூட்டங்கள் என்று தெரிந்தது. அவற்றில் விதை பிடிப்பதும் நின்றுபோயிருந்தது. பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும் தோப்பு அங்கே சந்ததி இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. மாதேஸ்வரன் மலைச் சந்தனக் கூட்டங்கள் அவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடத்தலால் மரங்கள் அருகிப்போன இடத்தில் "வேர்க்கன்று வந்துவிட்டது, காடு தேறிவிடும்" என்று மகிழ்வதற்குமுன் அந்த விக்டோரியா மரங்களை நினைத்துக்கொள்வது நல்லது. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று ஆக்கியபிறகு தோட்டங்களில் சந்தனம் வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கன்று வாங்கும்போது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, விதை எத்தனை மரங்களிலிருந்து எடுத்தது என்பதுதான். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வைரம் பாய எத்தனை வருஷம் ஆகும் என்றுதான் கேட்கிறார்கள்.

சந்தனத்தை விட்டு மூங்கிலுக்கு வருவோம். பாலாற்றுக்கரை முள்மூங்கில் புதரில் நாற்பது ஐம்பது கழிகள் நிற்கும். அத்தனையும் ஒரே செடி என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடியில் கணு கணுவாகப் பின்னிக் கிடக்கும் மட்டநிலத்தண்டுதான் உண்மையான மூங்கில். நாம் வெட்டி ஏணியும் கூடையும் செய்வது அதன் கிளைகளை. மழைக்காலத்தில் குருத்து மண்ணைப் பிளந்து வரும்போதே கழியின் முழுச் சுற்றளவோடு வந்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரம். அதற்கப்புறம் எத்தனை வருஷம் நின்றாலும் ஒரு நூல்கூடப் பருப்பதில்லை. இத்தனை வேகத்துக்கும் செலவு செய்வது பழைய கழிகள் நிலத்தண்டில் சேமித்து வைத்த மாவுச்சத்து. ஒரு விதை தன் சின்ன மூட்டையோடு இந்த நிழலில் இறங்கிப் போட்டியிட முடியுமா? நகல் முறையின் பலம் முழுவதும் இங்கே தெரிகிறது. தாயின் வயிற்றுச்சோறு இருக்கும்வரை பிள்ளைக்கு வெயில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஆனால் மூங்கிலுக்கு ஒரு கணக்குத் தீர்க்கும் நாள் இருக்கிறது. முள்மூங்கில் நாற்பது வருஷத்துக்கு மேல் நகல் எடுத்தே காலம் தள்ளிவிட்டு, பிறகு வட்டாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்து, குவியல் குவியலாக அரிசி கொட்டிவிட்டுச் செத்துப்போகும். இந்த மலைகளின் பழங்குடிகளான சோளகர்கள் புதரடியைக் கூட்டி அந்த அரிசியை அள்ளி வைத்துக்கொள்வார்கள். எலிகளும் அள்ளும். மிசோரத்தில் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் மூங்கில் இனம் 1959 வாக்கில் பூத்தபோது எலிகள் பெருகி, பயிரைத் தின்று, பஞ்சம் வந்து, பஞ்ச நிவாரணத்துக்கென்று தொடங்கிய அமைப்பு 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. தாவரத்தின் இனப்பெருக்கம் ஓர் அரசியல் கட்சியைப் பெற்றெடுத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மூங்கில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. பழைய புதரிலிருந்து நிலத்தண்டைப் பிரித்து உங்கள் தோட்டத்தில் நட்டால், அது உங்கள் கணக்கில்தான் புதுச்செடி. அதன் கணக்கில் வயது முப்பத்தைந்து ஆகியிருக்கலாம். தாய்ப்புதர் காட்டில் பூக்கும் காலத்தில் அதுவும் உங்கள் வேலியோரம் பூத்துச் சாகும். நகல் எடுக்கும்போது மரபணுவோடு வயதும் சேர்ந்து வந்துவிடுகிறது. விதையில் முளைத்தது மட்டும்தான் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இப்படியே போனால் ஒரு செடி எவ்வளவு பெரிதாகலாம், எவ்வளவு காலம் வாழலாம்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று பெயரிட்ட ஆஸ்பென் மரக்காடு 43 ஹெக்டேரில் நிற்கிறது. சுமார் 47,000 தண்டுகள், கீழே ஒரே வேர்க்குடும்பம், ஒரே மரபணு. டாஸ்மேனியாவில் லோமேஷியா டாஸ்மானிகா என்றொரு புதர். உலகத்தில் மிச்சமிருக்கும் சில நூறு தண்டுகளும் மரபணுவில் ஒன்றே. அருகில் கிடைத்த புதைபடிவ இலைகளின் வயது 43,600 ஆண்டு. இலை பார்வைக்கு இன்றைய இலை மாதிரியே இருப்பதால் அந்தச் செடியே இன்னும் சாகவில்லை என்று கருதுகிறார்கள். அதற்கு மும்மடிக் குரோமோசோம். பூ வந்தாலும் விதை வராது. மும்மடி என்பதை நினைவில் வையுங்கள், வாழைக்குப் போகும்போது வேண்டும்.

அதற்குமுன் உண்ணிச்செடி. பாலத்தைத் தாண்டி மலையேறும் பாதை நெடுக இரு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்பது இதுதான். மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும், இலையைக் கசக்கினால் நெடி அடிக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்து இறங்கியது. இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை இது ஆக்கிரமித்திருக்கிறது அல்லது ஆக்கிரமிக்கக்கூடும் என்று 2020-இல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இதன் பலம் ஒற்றை வழியை நம்பாததில் இருக்கிறது. கருநீலப் பழத்தைக் குருவிகள் தின்று தூரத்தில் விதைத்துவிடும். அது கலப்புக் கணக்கு. இருக்கும் இடத்தில் பரவுவதற்கு நகல் கணக்கு. சாய்ந்த தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும், தோட்டக்காரர் கைபடாமல் தானே பதியம் போட்டுக்கொள்ளும். தரையோடு வெட்டினால் தூரிலிருந்து பத்துத் தண்டு கிளம்பும். தீ வைத்தாலும் மழைக்குப்பின் அதே தூர் தழைக்கும்.

இதை அழிப்பதற்காக வெட்டிய கூலிப்பணத்தில் பாதி, செடிக்குக் கவாத்து செய்த கூலி என்றே சொல்லலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் மாணவர்களும் கார்பெட் புலிக் காப்பகத்தில் வேலை செய்தபோது, தளிர்க்கும் மொட்டெல்லாம் தண்டும் வேரும் கூடும் இடத்தில் ஒரு குறுகிய வளையத்துக்குள் இருப்பதைக் கவனித்தார்கள். அதற்குக் கீழே, தரைமட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், ஆணிவேரை வெட்ட வேண்டும். செடியைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும், தண்டு மண்ணைத் தொட்டுப் பதியமாகிவிடாமல் இருப்பதற்காக. அவ்வளவுதான் முறை. நான்கு விரல்கடை மேலே வெட்டினால் கவாத்து, கீழே வெட்டினால் சாவு. மாதேஸ்வரன் மலையில் பெங்களூரின் ஏட்ரி நிறுவனம் சோளகர்களோடு சேர்ந்து வேறொரு வழி பிடித்தது. மூங்கில் கூடை பின்னிய கைகளுக்கு மூங்கில் அரிதாகிவிட்டதால், உண்ணித் தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி, சோபா, கூடை என்று செய்யப் பழக்கினார்கள். நல்ல வருமானம். காட்டில் செடி குறைந்ததா என்றால், தண்டை எடுக்கிறவர் தூரை எடுப்பதில்லை என்பதை நினைவூட்டத்தான் வேண்டும்.

காட்டைவிட்டு மைசூர் பக்கம் இறங்கினால் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு ரசபாளை வாழை. மூன்றும் புவிசார் குறியீடு வாங்கியவை, அந்த ஊரின் பெருமைகள். மூன்றுமே நகல்கள். மல்லிகை தண்டிலிருந்து வருகிறது. வெற்றிலையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆனால் கொடிக்காலில் விதைக்கு வேலையே இல்லை, கொடித்துண்டை நட்டே தலைமுறைகள் ஓடிவிட்டன. வாழையின் நிலைமை இன்னும் கெட்டி. காட்டுவாழைப் பழத்தைக் கடித்தால் பல்லுடைக்கும் கறுப்பு விதைகள். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை மும்மடி. பதினொரு குரோமோசோம் கொண்ட தொகுதி மூன்று, ஆக 33. ஜோடி சேர்ந்து பிரிய வேண்டிய நேரத்தில் மூன்றை இரண்டாகப் பங்கு போட முடியாமல் குன்றல் பகுப்பு குழம்பிவிடும். விதை இல்லை. அந்த ஊனத்தைத்தான் நாம் ருசி என்று கொண்டாடி, பக்கக்கன்று பிரித்துப் பிரித்து வாழையடி வாழையாகக் காப்பாற்றி வருகிறோம்.

ரசபாளை நமக்கு அந்நியம் இல்லை. நம் ரஸ்தாளி எந்தக் குழுவோ அதே குழு. ஒரு காலத்தில் நஞ்சன்கூட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரில் நின்றது. பனாமா வாடல் நோய் வந்தபின் தேடிப்பிடித்து வாங்கும் பழமாகிவிட்டது. வாடல் என்றால் என்னவென்று தோப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். தண்டு அடியில் நீளவாக்கில் வெடிக்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளிகளும் வளையங்களும். மண்ணில் பல்லாண்டு காத்திருக்கும் பியூசேரியம் பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர்க்குழாய்களை அடைத்துவிட்டது என்று பொருள். ஒரு மரத்துக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் பக்கத்து மரத்துக்கும் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை. எல்லாம் ஒரே மரம். நோயுள்ள தோப்பின் கன்றை வாங்கி நட்டவர் பூஞ்சையையும் சேர்த்து வாங்கி நட்டார்.

இதே நோய்தான் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கிரோ மிஷேல் என்ற ரகத்தை ஏற்றுமதிச் சந்தையிலிருந்து விரட்டியது. அதன் இடத்துக்கு கேவண்டிஷ் வந்தது, நம் ஊர்க் கடைகளில் பச்சை வாழை, ரோபஸ்டா என்று விற்பதன் குடும்பம். இப்போது கேவண்டிஷையும் கொல்லும் டிஆர்4 என்ற பூஞ்சைப் பிரிவு ஆசியாவில் பரவி, பீகாரிலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூஞ்சைக்கும் பாலினப்பெருக்கம் இருப்பதாக யாரும் இதுவரை கண்டதில்லை. டிஆர்4 என்பதே ஒற்றை நகல் வரிசை. ஒரு நகல் இன்னொரு நகலைக் கண்டம் கண்டமாகத் துரத்துகிறது. பூஞ்சைக்கு ஓர் அனுகூலம்: அது கோடிக்கணக்கில் பெருகுவதால் நகலெடுப்பில் நேரும் பிழைகளே அதற்குப் புதுமையைக் கொடுத்துவிடும். வாழைக்கு வருஷத்துக்கு நாலைந்து கன்று.

கரும்பில் மட்டும் நாம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டோம். 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பை நாணல் வகைக் காட்டுக்கரும்போடு சேர்த்து கோ 205-ஐ உருவாக்கினார்கள். கலப்பு ஒரே முறை. அதற்கப்புறம் லட்சம் லட்சமாய்க் கரணைகள், மறுதாம்புகள். புதுமைக்குப் பூவையும், பெருக்கத்துக்குத் தண்டையும் பிரித்து வேலை வாங்கும் இந்த முறையில்தான் தமிழ்நாட்டில் வெகுகாலம் கோலோச்சிய கோ 86032-ம் வந்தது. ஆனாலும் ஆசை விடாது. உத்தரப்பிரதேசத்தில் கோ 0238 என்ற ஒரே ரகம் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. செவ்வழுகல் நோய் பின்னாலேயே வந்தது.

மறுபடி ஆற்றுக்கரைக்கு வந்து எண்ணத் தொடங்கினால், வேர்க்கன்று ஒரு பக்கம், விதைக்கன்று ஒரு பக்கம் என்று பிரித்துவிடலாம்போலத் தோன்றும். ஆணிவேர் இருந்தால் புது ஆள், இல்லாவிட்டால் பழைய ஆள். அதையும் கெடுப்பதற்கென்றே நாவல் மரம் இருக்கிறது. ஒரு நாவல் கொட்டையை ஊன்றிப் பாருங்கள், பல சமயம் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் ஒன்று மகரந்தம் சேர்ந்து உருவான கருவாக இருக்கலாம். மற்றவை சூலின் சொந்தத் திசுவிலிருந்து, மகரந்தத்தின் மரபணு ஒன்றுகூடச் சேராமல் கருவானவை. விதையின் உடுப்பில் வந்த தாயின் நகல்கள். மேற்குக் கரையின் ஒளூர், சந்திரக்காரன் மா வகைகளிலும் எலுமிச்சைக் குடும்பத்திலும் இதே வழக்கம் உண்டு. ஒட்டுக்கட்டும் நாற்றங்கால்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி வேர்ச்செடி வேண்டுமென்றால் இப்படிப்பட்ட விதையைத்தான் தேடுவார்கள். மூன்று முளைக்கும் ஆணிவேர் இருக்கும், இலை ஒரே மாதிரி இருக்கும். கலப்பில் வந்த கன்று சில சமயம் மற்ற இரண்டைவிட நோஞ்சானாக இருக்கும், சில சமயம் அவற்றின் போட்டியில் செத்தே போயிருக்கும். கடப்பாரையால் இதற்குப் பதில் கிடைக்காது. தளிரைக் கிள்ளி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்ப வேண்டும்.